மூடிய ரயில் தடமும் சைக்கிள் பாதையும்

பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-ஆம் ஆண்டில் ரயில் ஓடத் தொடங்கியது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாகச் சென்ற அந்த மீட்டர் கேஜ் பாதையின் நீளம் ஏறத்தாழ 23 கிலோமீட்டர். 1987-இல் அது மூடப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன்னர், இங்கிலாந்தில் இதே போன்ற ஒரு தடம் மறுவாழ்வு பெற்றது. பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையே ரயில் நின்றுபோன வழியைத் தொண்டர்கள் 1979 முதல் சிறிது சிறிதாகச் சைக்கிள் பாதையாக மாற்றி, 1986-இல் முடித்தார்கள். அதன் நீளம் சுமார் 21 கிலோமீட்டர்.

ரயில் தடம் சைக்கிளுக்கு ஏன் பொருந்துகிறது? தண்டவாளத்தின் மேல் எஃகுச் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு. ஏற்றம் மிகுந்தால் எஞ்சின் சக்கரம் வழுக்கும். எனவே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பித் தடம் போடுவார்கள். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். நல்ல சாலையில் சக்கரம் உருள்வதைத் தடுக்கும் விசை, எடையில் சுமார் 200-இல் ஒரு பங்கு. அதாவது 400 கிராம் எடை. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினாலோ மேலும் 800 கிராம் எடை சேர்கிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், தேவைப்படும் விசை மூன்று மடங்கு! இவ்வளவுக்கும் அந்த ஏற்றம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

காவிரிக் கடைமடையில் ஏற்றம் ஏது என்பீர்கள். உண்மைதான். இங்கே வயலுக்கு மேல் உயர்ந்து நிற்கும் கரையும், லாரி வராத அமைதியுமே பயன்.

ஆயினும் பேரளம் தடத்தை ரயிலுக்கே மீட்டது சரி என்பேன். அகலப் பாதை போடப்பட்டு 2025-இல் சோதனை ஓட்டமும் நடந்தது. அப்படியானால் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வழி எங்கே?

நெதர்லாந்தில் 1970-களில் தி ஹேக், தில்பர்க் நகரங்கள் ஆளுக்கொரு சிறப்புப் பாதை அமைத்துப் பார்த்தன. எதிர்பார்த்த அளவு பயன் இல்லை. 1980-களில் டெல்ஃப்ட் நகரம் சந்து, தெரு, பாலம் அனைத்தையும் ஒரே வலையாக இணைத்தது. சைக்கிள் பயணம் கூடியது.

காரைக்காலில் பாரதியார் சாலையின் நெரிசலைத் தவிர்க்கப் பக்கத்துத் தெருக்கள் உள்ளன; கடற்கரைக்குப் போக அரசலாற்றங்கரை உள்ளது. இவற்றை இணைக்கும்போது, பெரிய சாலையைக் கடக்கும் இடங்களை வரைபடத்தில் முதலில் குறியுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் இயக்க ஆற்றல், அதே கார் 30-இல் வரும்போது உள்ளதைப் போல 2.8 மடங்கு. வேகத்தைக் குறைக்கும் மேடு அங்கேதான் வேண்டும்.