கோடு போடுகிறவர்: கல்லூரி மைதானத்தில் இல்லாத ஒரு பதவி பற்றி

1

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘உதவிக் கால்பந்துப் பயிற்சியாளர்’ என்று ஒரு பதவி கிடையாது. இருப்பது உடற்கல்வி இயக்குநர் ஒருவர் (பையன்கள் வாயில் ‘பி.டி. சார்’). கபடி, வாலிபால், ஓட்டம், கால்பந்து அத்தனைக்கும் அவர் ஒரே ஆள். அவருக்குக் கீழே, பணியாளர் பட்டியலின் அடிமட்டத்தில், ‘மார்க்கர்’ என்று ஒருவர். சுண்ணாம்புத் தூளில் கோடு போடுகிறவர். பந்துக்குக் காத்தடிக்கிறவர். வலையைக் கட்டி அவிழ்க்கிறவர். நானறிந்த சில கல்லூரிகளில் அந்த இடமும் நிரப்பப்படாமலே கிடக்கிறது. இந்தக் கோடு போடுகிறவர் ஏன் ஒருநாளும் பயிற்சியாளர் ஆவதில்லை என்பதுதான் என் கேள்வி.

நான் இருப்பது வேங்கிக்காலில். 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை மாவட்டம் உண்டாக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். மனுவும் கோப்பும் புழங்குகிற ஊர். விடியற்காலையில் இங்கே ஓடுகிற பையன்கள் பெரும்பாலும் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிறவர்கள். “ஆடி இன்னா ஆவப்போவுதுண்ணே? சர்டிபிகேட் கெடச்சா கோட்டால போவலாம்” என்று அவர்களில் ஒருவன் சொன்னான். அவனைக் குறைசொல்ல முடியாது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு. ஆட்டத்தை வேலையாக மாற்றிக்கொள்ள அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, ஆட்டத்தை விட்டு வெளியேறுவதுதான். ஆட்டத்துக்குள்ளேயே இருந்து பிழைக்கிற வழி எங்கே அடைபட்டது என்று பார்க்க, நூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.

2

1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவரே. தமிழ்நாட்டின் உடற்கல்வி ஆசிரியர் வம்சம் பெருமளவுக்கு அந்தக் கல்லூரியிலிருந்து கிளைத்தது. பக் படித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அதே இடம்.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் 1890இல் ஃபுட்பால் அணி அமைத்தவர் ஏமஸ் அலன்சோ ஸ்டாக். (அமெரிக்க ஃபுட்பால் என்பது பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு மோதுகிற ஆட்டம். நம் கால்பந்து அல்ல.) 1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவரை அழைத்து, பேராசிரியர் வரிசையில், நிரந்தர வேலையில் அமர்த்தியது. நாற்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். ஒரு விளையாட்டுப் பயிற்சியாளரைப் பல்கலைக்கழகம் ‘அறிவுடையவர்’ என்று ஒப்புக்கொண்ட தருணம் அது.

ஆக ஒரே நாற்றங்காலிலிருந்து இரண்டு நாற்று. ஒன்று அங்கே ‘கோச்’ என்கிற தனித்தொழிலாக வளர்ந்தது. தலைமைப் பயிற்சியாளர், அவருக்குக் கீழே தடுப்புக்கு ஒருவர், தாக்குதலுக்கு ஒருவர், அடியில் படித்துக்கொண்டே வேலை பழகுகிற பட்டதாரி உதவியாளர் என்று ஏணி முளைத்தது. மற்றது இங்கே ‘டிரில் மாஸ்டர்’ ஆனது. வரிசை, விசில், பிரம்பு, பிரேயர். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பையன்களைத் திரட்டவேண்டும் என்றாலும் முதலில் கூப்பிடப்படுகிறவர் பி.டி. சார்தான். உடலைப் பழக்குவது என்றால் இங்கே அடக்குவது என்றே பொருள் கொள்ளப்பட்டது. அடக்குவதற்கு ஏணி எதற்கு? ஒரு மேஸ்திரி போதுமே. மழை பெய்தால் பி.டி. பீரியட் கணக்கு பீரியட் ஆகிவிடும் என்பது நம் எல்லோருடைய பள்ளி அனுபவம். கணக்கு பீரியடைப் பி.டி. சாருக்கு யாரும் கொடுத்ததில்லை.

3

ஏணியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இருந்தது, கல்விக்கூடத்துக்கு வெளியே. ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியா தங்கம் வென்றதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றதும் அவர் பயிற்சியில். ஆனால் அவரைப் பயிற்சியாளராக்கியது பள்ளிக்கூடம் அல்ல, ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய நம் சைமன் சுந்தரராஜ், 1973இல் கேரளம் முதன்முதலாக சந்தோஷ் கோப்பையை வென்றபோது அதன் பயிற்சியாளர்.

சென்னையின் சையத் சபீர் பாஷாவின் பாதையும் அப்படியே. இந்தியன் வங்கி அணியில் ஆடி, அதே அணிக்குப் பயிற்சியாளராகி, சென்னையின் எஃப்.சி.க்கு உதவிப் பயிற்சியாளர் ஆனவர். 2018இல் அந்த அணி இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றபோது தலைமைப் பயிற்சியாளர் ஜான் கிரிகரி, உதவி பாஷா. 2022இல் வெளிநாட்டுப் பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது இடைக்காலப் பொறுப்பு அவருக்கு வந்தது. 2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

ஆனால் ‘இடைக்காலம்’ என்கிற சொல்லைக் கவனியுங்கள். 2014இல் தொடங்கிய அந்த லீகில் ஒரு கிளப்புக்கு நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக ஓர் இந்தியர் (காலித் ஜமீல், நார்த்ஈஸ்ட் யுனைடெட்) வருவதற்கு 2021 ஆகிவிட்டது. அதுவரை இந்தியர் என்றால் உதவி. அந்த உதவி என்கிற படியைக்கூட பாஷாவுக்குக் கொடுத்தது ஒரு வங்கி வேலை. பொதுத்துறை நிறுவனங்களில் விளையாட்டு ஆள்சேர்ப்பு சுருங்கச் சுருங்க, அந்தப் படியும் உடைகிறது.

4

அமெரிக்க ஏணியைப் பார்த்து ஏங்குவதற்காக இதை எழுதவில்லை. அதன் உச்சியில் கோடிகள். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களில் அதிகம் பெறுகிறவர் கல்லூரி அணி ஒன்றின் கோச்சாக இருக்கிறார். அடிப்படியிலோ கூலிச் சுரண்டல். 1991இல் அங்கத்திய கல்லூரி விளையாட்டுச் சங்கம், கூடைப்பந்து அணிகளில் கடைநிலை உதவிப் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதி போட்டது. உதவிப் பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி சட்டவிரோதம் என்பதை உறுதிசெய்தது. 1999இல் சங்கம் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. அவர்களால் வழக்குப் போட முடிந்ததற்குக் காரணம், அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதே. சுரண்டப்படுகிறவனுக்கும் முதலில் ஒரு பதவிப் பெயர் வேண்டியிருக்கிறது.

இங்கே 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு வருஷாவருஷம் தெருவுக்கு வருகிறார்கள். தொகை 2021இல் 10,000 ஆனது, பிறகு 12,500. நிரந்தரம் மட்டும் வரவில்லை. அவர்களுக்காவது ‘பகுதிநேரம்’ என்று ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கோஷம் போடலாம். மார்க்கருக்கு?

நானறிந்த மார்க்கர் ஒருவர். எந்தப் பையன் இடதுகாலன், எவன் முட்டியை இழுத்து ஓடுகிறான், எவன் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறான், எவனை இடதுபக்கத்திலிருந்து நடுவுக்கு மாற்றவேண்டும் எல்லாம் அவருக்குத் தெரியும். பி.டி. சார் கோப்பு பார்க்கப் போய்விட்ட சாயங்காலங்களில் பயிற்சி கொடுப்பது அவர்தான். “நான் சொல்லிக்குடுக்கறது இல்ல சார், சும்மா கூட நிப்பேன்” என்பார். தன் அறிவை அறிவு என்று சொல்ல அவருக்கே கூச்சம். இந்தக் கூச்சம் அவருடைய சுபாவம் அல்ல, நாம் உண்டாக்கியது. பயிற்சியாளர் உரிமம் வாங்க வகுப்பு, கட்டணம், வெளியூர்த் தங்கல். கடைநிலை ஊழியனுக்கு அதற்கு லீவு யார் கொடுப்பார்கள்?

வாத்தியார் தலை, பி.டி. சார் உடம்பு, மார்க்கர் கை என்று கல்லூரி தனக்குள் ஒரு வருணம் வைத்திருக்கிறது. மண்ணில் நிற்கிறவனின் அறிவு ‘உதவி’ என்றும், நாற்காலியில் இருக்கிறவரின் அறிவு ‘தகுதி’ என்றும் பேர் பெறுகிறது. சாதியைப் பற்றி நாம் எழுதுகிறவற்றில் மைதானம் வருவதேயில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. கல்லூரிதோறும் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர் என்று அனுமதிக்கப்பட்ட பணியிடம். மைதானத்தில் கழித்த ஆண்டுகளைத் தகுதியாகக் கணக்கிடுகிற விதி. உரிம வகுப்புக்குச் சம்பளத்தோடு விடுப்பு. பகுதிநேரம் என்கிற ஏமாற்றுக்கு முடிவு. ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்கள் நீளமானவை. அவற்றில் கோடு போடுகிறவருக்கும் ஒரு வரி இருக்கட்டும்.