தூண்டில் பருவமும் புயல் பருவமும்: புளோரிடா கீஸ், 1935

புயல் கடந்த கடற்கரையில் தூண்டில்காரர் முதலில் கேட்பது, நீர் தெளிந்ததா, மீன்பாடு எப்படி என்பதுதான். பொழுதுபோக்கு மீன்பிடிப்பின் வரலாற்றை எழுதுவோர் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்: புயல் வந்தபோது அக்கரையில் யார் இருந்தார்கள்? அமெரிக்காவின் தென்கோடியில் வில்லாக வளைந்து கிடக்கும் புளோரிடா கீஸ் தீவுகளில், 1935இல், இவ்விரு கேள்விகளும் ஒரே இடத்தில் சந்தித்தன.

1905க்கும் 1912க்கும் இடையே ஹென்றி பிளாக்லரின் நிறுவனம் இத்தீவுகளைப் பாலங்களால் இணைத்துக் கீ வெஸ்ட் வரை இருப்புப்பாதை அமைத்தது. லாங் கீ தீவில் பாலப் பணியாளர் தங்கியிருந்த முகாம், பணி முடிந்தபின், செல்வந்தருக்கான மீன்பிடி விடுதியாக மாறியது. 1917இல் அங்கு உருவான மன்றத்திற்கு நாவலாசிரியர் சேன் கிரே முதல் தலைவரானார். கனத்த கருவிகளைத் தவிர்த்து, மெல்லிய நூலும் இலகுவான கோலும் கொண்டு மயில்மீனைப் பிடிப்பதே சிறப்பு என்றும், தேவையின்றி மீனைக் கொல்லலாகாது என்றும் அம்மன்றம் வலியுறுத்தியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவரும் அங்கு தூண்டில் போட்டவரே. இந்த விளையாட்டின் பருவம் குளிர்காலம். ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் புயல் பருவத்தில் விருந்தினர் வருவதில்லை.

அப்பருவத்திலும் அங்கிருந்தோர் வேறு மக்கள். தலைமுறைகளாக வாழ்ந்த தீவுக் குடும்பங்கள் ஒருபுறம். முதல் உலகப் போரில் போரிட்டு, பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த முன்னாள் படைவீரர்கள் மறுபுறம். சாலைப் பாலப் பணிக்காக அரசின் நிவாரணத் திட்டம் அவ்வீரர்களை விண்ட்லி கீயிலும் லோயர் மேட்டகும்பேயிலும் முகாம்களில் குடியமர்த்தியிருந்தது.

செப்டம்பர் 2 இரவு புயல் கரையேறியது. அதன் மையத்தில் பதிவான காற்றழுத்தம் 892 மில்லிபார். அமெரிக்கக் கரையேறிய புயல்களில் இதனினும் குறைந்த அளவு இன்றுவரை பதிவாகவில்லை. ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம் எழுந்த கடல் தாழ்ந்த தீவுகளை மூடியது. மியாமியிலிருந்து தாமதமாகப் புறப்பட்ட மீட்பு ரயில் இரவு எட்டு மணிக்குப் பின் இஸ்லமொராடாவை எட்டியது. எஞ்சின் தவிர, பெட்டிகள் அனைத்தையும் அலை தண்டவாளத்திலிருந்து புரட்டியது. லாங் கீ விடுதியும் அழிந்தது. ஆனால் விருந்தினர் எவரும் அங்கில்லை. இறந்தோர் 408 என்றும் 423 என்றும் கணக்குகள் வேறுபடுகின்றன. அவர்களுள் 250க்கும் மேற்பட்டோர் முன்னாள் படைவீரர்.

கீ வெஸ்டில் வாழ்ந்த எர்னெஸ்ட் ஹெமிங்வே படகில் மேட்டகும்பேக்குச் சென்று உடல்களைக் கண்டார். அம்மாதமே ‘நியூ மாஸஸ்’ இதழில் வெளியான அவரது கட்டுரை அரசை நோக்கிக் குற்றம் சாட்டியது. செல்வந்தரான தூண்டில்காரர் புயல் மாதங்களில் அத்தீவுகளை அண்டுவதில்லை என்பதை, குடியரசுத் தலைவர்களின் பெயர்களையே சொல்லி, அவர் சுட்டிக்காட்டினார். தாமும் பெருமீன் வேட்டையர் என்பதால், அப்பருவக் கணக்கை அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார்.

கடல் தன்னளவில் மீண்டுவிடும். 1960இல் டோனா புயல் இதே பகுதியைக் கடந்தபின் புளோரிடா விரிகுடாவில் நடந்த ஆய்வு, மீன்கள் மடிந்த விதத்தைப் பதிவு செய்தது: சில கரையில் ஒதுங்கின, சிலவற்றின் செவுள்களைச் சேறு அடைத்தது, பின்னர் அழுகிய தாவரங்களால் நீரில் உயிர்வளி குன்றியது. ஆழமற்ற பரப்புகளில் மீனைக் கண்ணால் கண்டு தூண்டில் வீசும் போன்பிஷ் வேட்டைக்குக் கலங்கிய நீர் பெருந்தடை. எனினும் சேறு படியும், நீர் தெளியும், மீன்கள் திரும்பும்.

திரும்பாதது இருப்புப்பாதை. நிறுவனம் அதனை மாநில அரசுக்கு விற்றது. எஞ்சிய பாலங்களின்மீது அமைந்த நெடுஞ்சாலை 1938இல் திறக்கப்பட்டது. செல்வந்தர் ரயிலில் வந்த இடத்திற்கு நடுத்தர மக்கள் தம் காரில் வரலாயினர். இஸ்லமொராடா இன்று தன்னை உலகத் தூண்டில் விளையாட்டின் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. 1939இல் நியூயார்க்கில் தோன்றிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம், சாதனை மீன்களின் எடையையும் நூலின் வலிமையையும் துல்லியமாகப் பதிந்து வருகிறது. அத்தகைய துல்லியம் 1935இல் இறந்த மனிதர்களுக்கு வாய்க்கவில்லை.

இஸ்லமொராடாவின் சாலையோரத்தில் 1937இல் எழுப்பிய நினைவுச்சின்னம் உள்ளது. காற்றில் வளையும் தென்னைகள் செதுக்கிய கல்லின் அடியில், எரியூட்டப்பட்ட பலரின் எச்சங்கள் உள்ளன. குளிர்காலத்தில் படகுகளை இழுத்தபடி தெற்கே செல்லும் கார்கள் அதைக் கடந்தே செல்கின்றன. அவர்களுள் பலர் கட்ட வந்ததும் ஒரு சாலைதான்.