ஆயாவின் கையில் இல்லாத காகிதம்



வட தமிழகத்துச் சேரிகளில் ஆயா என்றால் பாட்டி. வெள்ளையர் பங்களாக்களில் ஆயா என்றால் பிள்ளை வளர்க்கும் வேலைக்காரி. இந்த இரண்டாம் பொருள் போர்த்துகீசிய மொழி வழியே வந்தது. நம் குடும்பங்கள் பலவற்றில் இவ்விருவரும் ஒரே பெண்தான். எனவே அவரது வரலாறு நமக்கு அந்நியமானதல்ல.

1792 முதல் 1823 வரை தென்னிந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, ஐரோப்பியரின் வீட்டு வேலைகளைச் செய்யப் பிற சாதியார் முன்வராததால் அவர்கள் பறையர்களையே அமர்த்த வேண்டியிருந்ததைப் பதிவு செய்கிறார். ஊர்க் கிணற்றைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்ட கைகள் ஆள்பவர்களின் குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைத்தன. இதை விடுதலை என்று நாம் சொல்லவில்லை. தீட்டு என்பது வேலை வாங்குபவரின் வசதிக்கேற்ப வளைந்தது என்றே சொல்கிறோம்.

பண்டிதர் அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் ஓலைச்சுவடி அவர் வழியாக எல்லிஸின் கைக்குச் சேர்ந்ததைப் பண்டிதரே எழுதியிருக்கிறார். பேரன் எழுதியதால் பட்லரின் பெயர் நிலைத்தது. ஆயாவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1765 வாக்கில் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஜார்ஜ் கிளைவ் குடும்ப ஓவியத்தில் குழந்தையைத் தாங்கிப் பிடித்திருப்பவர் ஓர் இந்தியப் பெண். ஓவியத்தின் தலைப்பில் எசமானருக்குப் பெயருண்டு. அவர் வெறும் பணிப்பெண்.

நீண்ட கப்பல் பயணத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களை லண்டன்வரை அழைத்துச் சென்றார்கள். திரும்ப வழி செய்யாமல் சிலரை அங்கேயே கைவிட்டார்கள். அவர்கள் தங்குவதற்கென ‘ஆயாக்கள் இல்லம்’ நடந்தது. 1900 முதல் 1921 வரை அது ஹாக்னி பகுதியில், கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் வீட்டில் இயங்கியது. ஆயாவின் திரும்பும் பயணச்சீட்டைக் குடும்பத்தார் இல்லத்தில் ஒப்படைப்பார்கள். இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பம் அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளும். இன்றைய ஏஜென்சியின் வேலைதான் அது. அவ்வீட்டில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது 2022இல்தான்.

ஊரிலோ ஆயாவின் ஒரே மூலதனம், வேலையை விட்டு நீங்கும்போது துரைசானி எழுதித் தரும் நற்சான்றுச் சீட்டு. தன்னால் படிக்க முடியாத காகிதத்தைக் காட்டித்தான் பலர் அடுத்த பங்களாவில் வேலை கேட்டார்கள். அது எசமானர்களுக்குள் பேசிக்கொண்ட காகிதம். எந்த வீட்டில் சம்பளம் பாக்கி, எந்த வீட்டில் அடி விழும் என்று ஆயாவுக்குச் சொல்லும் காகிதம் எதுவுமில்லை.

இன்றும் குழந்தை பார்த்துக்கொள்ளப் போகும் நம் பெண்ணிடம் ஆதார் நகல் கேட்கிறார்கள், முன்பு வேலை செய்த வீட்டின் எண் கேட்கிறார்கள், சுற்றி வளைத்துச் சாதியும் கேட்கிறார்கள். வேலைநேரம், சம்பளம், வார விடுப்பு ஆகியவற்றை எழுதித் தாருங்கள் என்று அவள் கேட்டால், திமிர் என்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இல் அமைந்தது. வீட்டுப் பணியாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

நாம் கேட்பது இரக்கமல்ல, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதன் ஒரு படி வேலை செய்பவளின் கையில் இருக்க வேண்டும். நம் ஆயாக்களால் படிக்க முடியாமல் போன காகிதத்தை, பேத்திகள் நாம் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவோம்.