காலும் அரையும்

தமிழில் நிறுத்தற்குறிகளின் சரித்திரம் எழுதுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் தொடங்குவது வழக்கம். நான் இராமநாதபுரத்தில் தொடங்குகிறேன். பரமக்குடிக்காரனின் ஊர்ப்பற்று என்று யாரும் சொன்னால் சொல்லட்டும், காரணம் இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1861இல் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தபோது ஆதரவாக நின்றவர் சேது சமஸ்தானத்தைச் சேர்ந்த பொன்னுசாமித் தேவர். மதுரையில் 1901இல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரின் தந்தை. ஏட்டில் கிடந்த நூல்கள் அச்சுக்கு வந்த கதையில் எங்கள் பக்கத்துப் பணத்துக்கும் ஓர் இடமுண்டு.

குறிகளைத் தமிழில் முதலில் போட்டவர் நாவலர் அல்ல. கிறித்தவ அச்சகங்கள் அவருக்கு முன்பே போட்டன. பீட்டர் பெர்சிவலோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய நாவலர் அந்தப் பழக்கத்தை அங்கே கண்டார். பிறகு 1849இல் வண்ணார்பண்ணையில் சொந்த அச்சுக்கூடம் நிறுவி, பாதிரிமாரை எதிர்த்தும் சைவத்தைப் போதித்தும் எழுதிய வசனத்தில் அதையே ஆயுதமாக்கினார். எதிராளியின் கருவி என்று அவர் ஒதுக்கவில்லை. தமிழ் வசனத்தின் இன்றைய தோற்றத்துக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அதற்கு முன் என்ன இருந்தது? ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் வாக்கியம் குழம்பவில்லை. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது. அடுக்கிச் சொல்ல எண்ணும்மை இருந்தது. இங்கிலீஷில் கமா செய்யும் வேலையை ‘உம்’ செய்தது. உரைகாரனிடம் ‘என்க’வும் ‘என்றவாறு’ம் இருந்தன. நிறுத்தம் தாளில் இல்லை. மொழிக்குள்ளும், வாய்விட்டுப் படிப்பவன் மூச்சிலும் இருந்தது. கண்ணால் மட்டும் படிக்கும் வாசகன் பெருகியபோதுதான் குறி கட்டாயமாயிற்று.

குறிகளுக்கு நாம் வைத்த பெயர்கள் கவனிக்கத்தக்கவை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. இது கணக்குப்பிள்ளையின் பின்னம்; கூடவே இலக்கணக்காரனின் மாத்திரையும். மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை, மெய்க்கு அரை என்று எண்ணிப் பழகிய மனம், புதிதாக வந்த குறிகளையும் கால அளவாகவே வாங்கிக்கொண்டது. இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் இந்த நினைப்பு இருந்தது. 1795இல் வெளியான லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம், கமாவைப்போல் இரு மடங்கு செமிகோலன், அதைப்போல் இரு மடங்கு கோலன், அதைப்போல் இரு மடங்கு முற்றுப்புள்ளி என்று பெருக்கிக்கொண்டே போகிறது. அவர்கள் பெருக்கினார்கள், நாம் கூட்டினோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிற்பாடு இங்கிலீஷ் மாறிவிட்டது. 1490களில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனுத்தியுஸ் அச்சகத்தில் பிறந்த செமிகோலன், மூச்சை விட்டு இலக்கணத்தின் கைக்குப் போயிற்று. தனித்து நிற்கவல்ல இரண்டு வாக்கியங்களை இடைச்சொல் இல்லாமல் இணைப்பது ஒரு வேலை. உள்ளே கமாக்கள் உடைய உறுப்புகளைத் தனித்தனியே நிறுத்துவது மற்றொரு வேலை. இரண்டாவதற்கு நம் அரசியல் சட்டத்தின் முகப்புரை சரியான உதாரணம். நீதி என்பதன் கீழ் சமூகம், பொருளாதாரம், அரசியல் என மூன்றைக் கமா பிரிக்கிறது. அந்த நீதியையும் அடுத்து வரும் சுதந்திரத்தையும் செமிகோலன் பிரிக்கிறது. அதை எடுத்துவிட்டால் எது எதற்குள் அடக்கம் என்பது தெரியாமல் போகும்.

நாம் மாறவில்லை. பெயரிலேயே காலமும் அரையும் ஒட்டிக்கொண்டதால், மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் காற்புள்ளி போடுகிறோம். அரைப்புள்ளியோ பள்ளிப் பாடத்தோடு நின்றுவிட்டது. சோம்பல் மட்டும் இதற்குக் காரணமில்லை. ‘அவன் வந்தான், அவள் போனாள்’ என்பதை ‘அவன் வர அவள் போனாள்’ என்று எச்சத்தால் இணைக்கத் தெரிந்த மொழி இது. அரைப்புள்ளியின் முதல் வேலை இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

எச்சம் எல்லாவற்றையும் சமாளித்துவிடும் என்பதும் சரியல்ல. ‘நேற்று விற்ற நிலத்தை அளந்தார்கள்.’ விற்றது நேற்றா, அளந்தது நேற்றா? ‘நேற்று’வுக்குப் பின் ஒரு காற்புள்ளி விழுந்தால் அளந்தது நேற்று. பழைய கிரயப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கம். இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இன்னார் வரப்புக்கு வடக்கு என்று நாலு மாலும் மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாக ஓடும். புள்ளி வைத்தால் பின்னால் எவனாவது ஒரு புள்ளியைச் சேர்ப்பான் என்ற பயமும் அதில் உண்டு என நினைக்கிறேன். நீதிமன்றத்துக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. சட்டத்தின் பொருளைக் குறிகளை நம்பி முடிவுசெய்வது தவறு என்று பிரிவி கவுன்சில் ஓர் இந்திய வழக்கில் சொன்னது 1887ஆம் வருஷத்து அறிக்கையில் இருக்கிறது. உ.வே. சாமிநாதையரின் சிந்தாமணி வெளிவந்ததும் அதே வருஷம். ஆனால் 1979ஆம் வருஷத்து அறிக்கையிலுள்ள ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மருந்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படித்தபோது, ‘இருப்பு வைத்தல்’ என்ற சொல்லை அடுத்துக் கமா இல்லாததைக் கவனித்தது. ஆகவே விற்பனைக்காக இருப்பு வைத்தால்தான் குற்றம், வெறுமனே வைத்திருப்பது குற்றமாகாது என்று தீர்த்தது. இல்லாத ஒரு கமா ஒரு மனிதனை விடுவித்தது.

எழுதுகிறவர்களுக்கு இதில் என்ன? மணிக்கொடிக்காரர்கள் கோட்டையும் தொடர்புள்ளிகளையும் நம்பினார்கள். மனத்தின் தயக்கத்தைக் காட்ட அவை தேவைப்பட்டன. 1959இல் ‘எழுத்து’ வந்த பிறகு புதுக்கவிதை வரியை முறித்தே நிறுத்தத்தைச் செய்துகொண்டது, குறிகள் உதிர்ந்தன. அது கவிதைக்குச் சரி. அதைப் பார்த்து வசனத்திலும் குறியை உதறுவதும், மொழிபெயர்ப்பு நடையில் இங்கிலீஷ் செமிகோலனை இருந்த இடத்திலேயே இறக்குவதும் ஒரே அசட்டையின் இரண்டு பக்கங்கள். முதலாமவன் வாசகனின் மூச்சை மறந்துவிடுகிறான், இரண்டாமவன் தன் மொழியின் எச்சத்தை.

எச்சம் தாங்கும் இடத்தில் எச்சத்தை நம்பலாம். பொருள் இரண்டாகப் பிளக்கும் இடத்தில் காற்புள்ளி கட்டாயம். காற்புள்ளிகள் நிறைந்த பட்டியலுக்குள் பட்டியல் வரும்போது அரைப்புள்ளிக்கு வேலை உண்டு. எவ்வளவு நேரம் நிற்பது என்ற கேள்வியை மாத்திரைக் கணக்கோடு யாப்பிலக்கணத்துக்கே விட்டுவிடலாம். எது எதோடு சேர்ந்தது என்பதே வசனம் எழுதுகிறவன் ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்லவேண்டியது.