பெயரிடத் தயங்கிய இசை

1986ஆம் ஆண்டில் இளையராஜா, திரைப்படத்திற்கு வெளியே ஓர் இசைத்தொகுப்பை அளித்தார். பல்லவியோ சரணமோ இல்லாத கருவியிசை. வி. எஸ். நரசிம்மனின் வயலினை முன்னிறுத்தி, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அத்தொகுப்பிற்கு அவர் சூட்டிய பெயர் 'ஹவ் டு நேம் இட்?'. இதற்கு எப்படிப் பெயரிடுவது என்ற கேள்வியே பெயராயிற்று.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் கிராமி விருது விழாவில் அதுவரை இல்லாத ஒரு பிரிவு தோன்றியது. அதன் பெயர் 'நியூ ஏஜ்'. முதல் விருது சுவிட்சர்லாந்தின் ஹார்ப் கலைஞர் ஆண்டிரியாஸ் வோலன்வைடருக்குச் சென்றது. ஏறத்தாழ ஒரே காலத்தில் அங்கே ஒரு வகை இசைக்குப் பெயர் சூட்டினார்கள். இங்கே ஒரு கலைஞர் பெயர் சூட்டத் தயங்கினார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுயுக இசை எனத் தமிழில் நாம் அழைக்கத்தக்க இவ்விசையின் வேர்கள் 1960களில் உள்ளன. 1964இல் டோனி ஸ்காட் என்னும் ஜாஸ் கிளாரினெட் கலைஞர், ஜப்பானியக் கலைஞர்களோடு சேர்ந்து ஜென் தியானத்திற்கான இசை என்று ஒரு தட்டு வெளியிட்டார். 1968இல் பால் ஹார்ன், தாஜ்மகாலின் குவிமாடத்தின் கீழ் தனியே நின்று புல்லாங்குழல் வாசித்துப் பதிவு செய்தார். அக்குவிமாடத்தின் நீண்ட எதிரொலியே அவருக்குப் பக்கவாத்தியம். 1976இல் தச்சுவேலையும் கட்டடவேலையும் செய்துவந்த வில்லியம் அக்கர்மன், கலிபோர்னியாவில் 'விண்டம் ஹில்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1978இல் பிரையன் ஈனோ, விமான நிலையங்களுக்கென்றே ஓர் இசையைப் படைத்தார். கவனித்துக் கேட்பவருக்கும் கவனியாமல் இருப்பவருக்கும் அது ஒருங்கே இடமளிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இவ்விசை கேட்பவரை ஈர்ப்பதன் காரணங்கள் மறைவானவை அல்ல. காலப்பிரமாணம் மெதுவானது. திடீர்த் திருப்பங்கள் இல்லை. நீண்டு நிற்கும் ஒலிகள், நம் தம்புராவின் சுருதியைப் போல, மனத்திற்கு ஒரு தரையைத் தருகின்றன. சொல் இல்லாமையால் மொழி தடையாவதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, இது கேட்பவரிடம் எதையும் கோருவதில்லை; இராகம் தெரிய வேண்டியதில்லை, தாளம் போட வேண்டியதில்லை, வியந்து தலையசைக்க வேண்டியதுமில்லை. களைத்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விமரிசகர்கள் சினந்ததும் இதனாலேயே. மின்தூக்கியில் ஒலிக்கும் இசை என்றும், சுவரில் ஒட்டும் வண்ணத்தாள் என்றும் எள்ளினார்கள். இவ்வகையில் அடக்கப்பட்ட கலைஞர்கள் பலரே அப்பெயரை ஏற்கவில்லை. நம்மிடையேயும் இலக்கியமும் இசையும் அறிந்த நண்பர்கள், தூங்கவைக்கும் இசை ஓர் இசையா என்று கேட்பதுண்டு.

அவர்களுக்குச் சங்க இலக்கியம் விடை வைத்திருக்கிறது. அகநானூற்றின் 102ஆம் பாடலில், தினைப்புனத்துக் கொடிச்சி ஒருத்தி குறிஞ்சிப்பண் பாடுகிறாள். கதிர் தின்ன வந்த யானை, கதிரைக் கொள்ளாமலும் நின்ற இடம் பெயராமலும் அப்படியே உறங்கிவிடுகிறது. இதைப் பாடியவர் மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார். யானையைத் தூங்கவைத்ததைக் கொடிச்சியின் இசைக்குக் குறையாக அவர் கருதவில்லை; அதன் பெருமையாகவே காட்டுகிறார். பொருநராற்றுப்படையில் பாலைப்பண், வழிப்பறி செய்யும் கள்வரின் கையிலுள்ள படைக்கலத்தை நழுவச் செய்கிறது. புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில்கிழார் காட்டும் இல்லத்தில் புண்பட்ட வீரன் கிடக்கிறான். மனையில் வேம்பு செருகி, ஐயவி சிதறி, யாழும் பல்லியமும் முழங்க, காஞ்சிப்பண் பாடி அவனைக் காக்கிறார்கள். துயில் தருவதும், சினம் தணிப்பதும், புண்ணுற்றவனைக் காப்பதும் இசையின் கடமைகள் என்பதில் நம் முன்னோர்க்கு ஐயமே இருந்ததில்லை. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுத்ததும், பொழுதிற்கும் மனத்திற்கும் இசைக்கும் உள்ள உறவை உணர்ந்தே.

சொல்லற்ற இசையும் நமக்குப் புதிதன்று. நான் வசிக்கும் சிந்தாதிரிப்பேட்டையையே எடுத்துக்கொள்வோம். 1734இல், ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவத்தின் வளைவில் சுங்குராமர் என்னும் வணிகரின் தோட்டம் இருந்த இடத்தில், நெசவாளர்க்கென உருவான பேட்டை இது. சின்னத் தறிப்பேட்டை என்பதே இப்பெயராயிற்று என்பர். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் இங்கே இரட்டைக் கோயில்களில் அடுத்தடுத்து எழுந்தருளியுள்ளனர். கோயில்களில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. கம்பீரநாட்டையில், சொல்லின்றி, தவிலின் சொற்கட்டோடு அது எழும்போது தெருவே எழுந்து நிற்கும். அது கேட்பவனை வாசலுக்கு அழைக்கும் இசை.

பேட்டையின் மறுகோடியில், அண்ணா சாலையை ஒட்டிக் கிடக்கிறது ரிச்சி தெரு. ஒலிபெருக்கியும் ஆம்ப்ளிபயரும் காதொலிக் கருவிகளும் குவிந்துள்ள மின்னணுச் சந்தை அது. 1979இல் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் உலகெங்கும் இசையின் முகவரி மாறியது. கூடத்திலும் தேநீர்க்கடையிலும் பலரும் சேர்ந்து கேட்டது, ஒருவர் காதுக்குள் ஒடுங்கியது. புதுயுக இசையின் உண்மையான சபை அதுதான். மல்லாரி வாசலுக்கு அழைக்கிறது. இவ்விசை கதவைச் சாத்திக்கொள்ள உதவுகிறது.

என் கருத்தில், இவ்விசையின் குறை தூங்கவைப்பதில் இல்லை. கொடிச்சியின் பாட்டிற்கு ஒரு புனம் இருந்தது; காஞ்சி பாடியவர்களின் எதிரே புண்பட்டவன் ஒருவன் கிடந்தான். யார் யாருக்காகப் பாடுகிறார் என்பது தெளிவாக இருந்தது. காதொலிக் கருவியில் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஒலிக்கும் பெயரறியாப் புல்லாங்குழலில் அந்த உறவு இல்லை. என் மாணவர் பலர் அதைக் கேட்டுக்கொண்டுதான் தேர்வுக்குப் படிக்கிறார்கள். வாசித்தவர் யாரென்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்கள் இரசனையற்றவர்கள் அல்லர். ஆளில்லாத ஆறுதலே அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. நான் வருந்துவது அதற்காகவே.

இளையராஜாவின் தொகுப்பு இதில் எங்கே நிற்கிறது? அது மனத்தை அமைதிப்படுத்தும் இசை மட்டுமன்று. கர்நாடக இராகங்களும் பாக்கின் பாணியிலான எதிரிசையும் ஒன்றையொன்று துரத்தும் அதை அரைக்காதால் கேட்க இயலாது. ஆயினும் அதன் பகுதிகளைப் பாலு மகேந்திரா, 1988இல் வெளிவந்த 'வீடு' திரைப்படத்தின் பின்னணியாக்கினார். பாட்டே இல்லாத படம் அது. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழுந்த வீட்டைத் தனியே காண வந்து அதன் சுவர்களைத் தடவிப் பார்க்கிறார். வீடு முடியுமுன்னே மறைந்தும் போகிறார். தனக்கெனக் கதையே இல்லாமல் பிறந்த இசை, இப்படத்தில் மனிதர்களைக் கண்டுகொண்டது. நாடா வாங்கிக் கேட்டிராத எத்தனையோ பேருக்கு அவ்விசை இன்று அந்த முதியவரின் கைவிரல்களாகவே நினைவில் நிற்கிறது.

1988இலேயே ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. பின்னர் காலம் வேறொரு வட்டத்தையும் நிறைவு செய்தது. கிராமியின் அப்பிரிவு 2023 முதல் மந்திர ஓதலையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில், சென்னையில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற சந்திரிகா டாண்டன், வூட்டர் கெல்லர்மன், எரு மட்சுமோட்டோ ஆகியோருடன் 'திரிவேணி' தொகுப்பிற்காக அவ்விருதைப் பெற்றார். மனித வாயிலிருந்து எழும் சொல், சொல்லற்ற இசையின் பிரிவிற்குள் திரும்பி வந்திருக்கிறது. பொருள் அறியாதவரும் அதைக் கேட்டு அமைதி அடையலாம், தவறில்லை. யானைக்குக் குறிஞ்சிப்பண்ணின் இலக்கணம் தெரிந்திருக்கவில்லையே!

எனினும் யானை உறங்கியது ஒரு பெண்ணின் குரல் கேட்டு. இன்றிரவு துயில்வதற்காக ஏதேனும் ஓர் இசையை ஒலிக்கவிடும் அன்பர்கள், அதை வாசித்தவர் பெயரை ஒருமுறை தேடிப் படித்துவிட்டு விளக்கை அணைக்கலாம்.