குழாய்க் கசிவறிதல்: மல்லேஸ்வரம்

மண்ணுக்கடியில் ஓடும் குடிநீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பதைத் தெருவைத் தோண்டாமலே கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம். ஏரி, கிணறுகளை நம்பியிருந்த பெங்களூருக்கு இந்தத் தேவை 1896இல் வந்தது. பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில், அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா ஏரி நீர் சோலதேவனஹள்ளியில் இறைக்கப்பட்டு நகருக்கு வந்தது. பின்னாளில் அதைச் சுத்திகரித்த ஜுவல் ஃபில்டர் நிலையம் நகரின் மல்லேஸ்வரம் பகுதியிலேயே அமைந்தது. 1898 பிளேக்குக்குப் பின் இங்கே குடியேற்றம் பெருகியது.

உலகெங்கும் முதல் கருவி காதுதான். இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, நீர் பீறிடும் இரைச்சலைக் கேட்டார்கள். 1873இல் லிவர்பூல் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன், இரவு ஓட்டத்தைப் பதிவுசெய்யும் மீட்டரை உருவாக்கினார். ஊர் உறங்கும்போதும் ஓடும் நீர் பெரும்பாலும் கசிவுதான் என்பது அவர் கணக்கு. அது பகுதியைக் காட்டியது. இடத்தைக் காட்ட 1970களில் கோரிலேட்டர் வந்தது. குழாயில் இரண்டு இடங்களில் உணரிகளைப் பொருத்தி, கசிவின் ஒலி இரண்டையும் எட்டும் நேர வித்தியாசத்தை அது அளக்கும். உணரிகளுக்கு இடையே 100 மீட்டர், இரும்புக் குழாயில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,200 மீட்டர், வித்தியாசம் 0.05 நொடி என்றால், கசிவு முதலில் ஒலி கேட்ட உணரியிலிருந்து 20 மீட்டரில் இருக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் ஒலி மங்கிவிடுவதால் இந்தக் கணிப்பு தடுமாறும்.

பெங்களூரில் டீக்கனின் கணக்கே தடுமாறுகிறது. பல பகுதிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். வந்ததும் வீட்டுக்கு வீடு சம்ப் எனும் நிலத்தடித் தொட்டி நிரம்பத் தொடங்கும், நள்ளிரவானாலும் சரி. அப்போது மீட்டரில் ஓடுவது கசிவா, சம்ப்பா? வால்வை மூடிவிட்டாலோ அழுத்தம் இறங்கிவிடும், இரைச்சலும் நின்றுவிடும். கசியும் வெடிப்பு வழியே சாக்கடை நீர் உள்ளே புகும் ஆபத்தும் அப்போதுதான்.

1974 முதல் வரும் காவிரி நீரோ சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் அளவுக்கு மேலேற்றப்படுவது. ஒழுகும் ஒவ்வொரு லிட்டரோடும் மின்சாரச் செலவும் மண்ணுக்குள் போகிறது. 2010களில் ஜப்பானியக் கடனுதவியோடு நகரின் சில கோட்டங்களில் பழைய குழாய்கள் மாற்றப்பட்டு, தனித்தனி அளவீட்டு வட்டாரங்கள் பிரிக்கப்பட்டன. அதற்கு முன் நகரின் குடிநீர் வாரியம் வழங்கிய நீரில் ஏறக்குறைய பாதி கணக்கில் வரவில்லை. ஆனால் அந்தப் பாதி முழுவதும் கசிவல்ல. திருட்டு இணைப்பும் பழுதான மீட்டரும் அதில் அடக்கம். அவற்றை எந்த ஒலிக்கருவியும் காட்டாது, வட்டார மீட்டரை வீட்டு பில்களோடு ஒப்பிட்டுத்தான் பிரித்தறிய வேண்டும்.