மாதவிடாய் நிற்கும் பருவமும் உடற்கொழுப்பும்

'மெனோபாஸ்' என்ற சொல்லை 1821-இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு மருத்துவர் கார்தான். பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அப்பருவத்துப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வுகள் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இடையில் மருத்துவ உலகில் ஒரு கருத்து நிலைபெற்றது. சூலகம் ஓய்ந்த பின்னும் கொழுப்புத் திசு ஓரளவு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும். ஆகவே பருமனான பெண்களுக்குத் திடீர் உடல்சூடும் இரவு வியர்வையும் குறைவாகவே வரும் என்றனர். கேட்பதற்குப் பொருத்தமான வாதம்தான்.

அமெரிக்காவில் 1994-இல் 'ஸ்வான்' என்னும் நீண்டகால ஆய்வு தொடங்கியது. 42 முதல் 52 வயது வரையிலான 3,302 பெண்கள் ஏழு இடங்களிலிருந்து சேர்க்கப்பட்டனர். இவர்களுள் ஒரு பகுதியினரின் வயிற்றுக் கொழுப்பை ரெபேக்கா தர்ஸ்டன் குழுவினர் ஸ்கேன் மூலம் அளந்தனர். 2008-இல் வெளியான முடிவு பழைய கருத்துக்கு நேர்மாறானது. வயிற்றுக் கொழுப்பு மிகுந்தவர்களிடமே உடல்சூடு அதிகம் காணப்பட்டது. தோலுக்கடியிலுள்ள கொழுப்பு, கம்பளி போர்த்தியதுபோல் உடல் வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

கெயில் கிரீன்டேல் குழுவினர் இதே ஆய்வின் அளவீடுகளைக் கொண்டு 2019-இல் வேறொன்றைக் காட்டினர். கடைசி மாதவிடாய்க்குச் சற்று முன்பிருந்தே கொழுப்பு சேரும் வேகம் இரு மடங்காகிறது. தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதியோ குறைகிறது. ஒன்று கூடி மற்றொன்று குறைவதால், எடை பார்க்கும் கருவியில் இம்மாற்றம் தெரிவதில்லை.